மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர்கள்

அரசின் கண்காணிப்பைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது. "மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? பார்த்துவிட்டுப் போகட்டுமே." கணிப்பொறியின் உள்விவகாரம் அறியாத ஒருவர் இதைச் சொன்னால் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். ஆனால் இதை மிக உரக்கச் சொல்பவர்கள் மென்பொருள் துறையில் இருக்கும் நம் நண்பர்கள். ஒரு பதிவேட்டை இன்னொன்றோடு இணைத்தால் என்ன கிடைக்கும், அழித்துவிட்டதாகச் சொல்லப்படும் தகவல் எத்தனை பிரதிகளில் உயிரோடிருக்கும் என்பதெல்லாம் தொழில்முறையில் தெரிந்தவர்கள். ஆர்வெல்லின் '1984' நாவலைப் பற்றி இரவு முழுக்க விவாதிக்கக்கூடியவர்கள். விடிந்ததும் இந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். நமது வழக்கு இவர்களோடுதான். இது நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற வழக்கு என்பதால் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

இலக்கியம் தெரிந்தவர்கள் என்பதால் இவர்களிடம் கூடுதலாக ஓர் ஆயுதமும் இருக்கிறது: திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம். ஒற்றர்களை அரசனின் கண்ணென்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே, பிறகென்ன என்கிறார்கள். வள்ளுவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை அப்படியே நம்பாமல் மற்றோர் ஒற்றனைக்கொண்டு சோதிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒற்றனும் பொய் சொல்வான், தவறுவான் என்ற ஐயம் அந்த அறிவுரையிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம் அதிகாரங்களின் வரிசை. ஒற்றாடல் ஐம்பத்தொன்பதாவது அதிகாரம். அதற்கு முந்தையது கண்ணோட்டம். அதற்கும் முந்தையது வெருவந்த செய்யாமை. குடிகளை அஞ்சவைக்காதவன், கண்ணில் இரக்கமுள்ளவன் என்ற இரண்டு படிகளைக் கடந்த பின்புதான் ஒற்றர்களைப் பற்றிய பேச்சே வருகிறது. முதலிரண்டு படிகளைத் தாண்டிக் குதித்துவிட்டு மூன்றாவதை மட்டும் எடுத்துக் காட்டுவது குறளைப் படிப்பதாகாது. மேலும் அது முடியாட்சிக்குச் சொன்னது. 1950 முதல் நாம் அரசியல் சாசனம் உள்ள குடியரசின் குடிமக்கள் என்பதையும் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தம்தான்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். நம் முன்னோரைக் கண்காணிப்பிலிருந்து காப்பாற்றியது சட்டமல்ல, செலவு. 1908-இல் பாரதி புதுச்சேரிக்குப் போன பின் பத்து ஆண்டுகள் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒற்றர்கள் அவரைச் சுற்றி வந்தார்கள். வ.வே.சு. ஐயரையும் சுற்றி வந்தார்கள். ஒரு கவிஞனைப் பின்தொடர ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம், தங்குமிடம், அவன் எழுதும் அறிக்கையைப் படிக்க மேலே இன்னோர் ஆள் என்று எல்லாம் வேண்டும். ஆகவே அரசு தனக்கு மிகவும் ஆபத்தானவர்கள் என்று கருதிய சிலரை மட்டுமே அப்படிப் பின்தொடர முடிந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஷ்டாசி இந்த முறையை அதன் எல்லைவரை கொண்டுபோனது. சுமார் 1.6 கோடி மக்களைக் கண்காணிக்க 1989-இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்களும், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இரகசியத் தகவலாளிகளும் அதற்குத் தேவைப்பட்டார்கள். விட்டுச்சென்ற கோப்புகளை அடுக்கினால் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாடு தன் குடிகளை வேவு பார்ப்பதற்காகவே ஒரு நகரத்தின் மக்கள்தொகையை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது.

இந்தச் செலவை இல்லாமல் செய்தவர்கள் யார்? கொடுங்கோலர்கள் அல்ல, பொறியாளர்கள். சான்பிரான்சிஸ்கோவின் ஃபோல்சம் தெருவில், ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கட்டிடத்தில் 641ஏ என்ற எண்ணுள்ள அறை இருந்தது. இணையப் போக்குவரத்தைச் சுமந்துவரும் ஒளியிழைகளில் பிரிப்பான்களைப் பொருத்தி, அனைத்தின் நகலும் அந்த அறைக்குள் போகும்படி செய்திருந்தார்கள். சந்தேகத்துக்குரியவர், அப்பாவி என்ற பாகுபாடு ஒளியிழைக்குத் தெரியாது. அங்கே தொழில்நுட்பப் பணியாளராக இருந்த மார்க் க்ளைன் ஓய்வுபெற்ற பின் 2006-இல் ஆவணங்களோடு முன்வந்ததால்தான் உலகம் இதை அறிந்தது. விளைவு? 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தொலைபேசி நிறுவனங்களுக்கு முன்தேதியிட்டு மன்னிப்பு வழங்கியது. 2013-இல் ஸ்னோடன் வெளியிட்டவை இதே கதையின் பெருவடிவம். அவரும் உளவு நாவல்களில் வருகிற உளவாளி அல்லர். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக வேலைபார்த்த கணிப்பொறி ஊழியர். நம் நண்பர்கள் தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம் அது.

இந்தியாவில் நிலைமை என்ன? 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், வெள்ளைக்காரன் எழுதியது, ஒட்டுக்கேட்பதற்குப் பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிபந்தனையையாவது வைத்திருந்தது. சுதந்திர இந்தியா 2008-இல் திருத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும் கணிப்பொறித் தகவலை இடைமறிக்கலாம். மறைகுறியாக்கத்தை அவிழ்த்துத்தர மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அந்த டிசம்பரில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய திருத்தம் அது. அப்போது ஆண்டது காங்கிரஸ். 2018 டிசம்பர் 20 அன்று அதே பிரிவின்கீழ் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் வழங்கி உள்துறை ஆணையிட்டது. ஆண்டது பாரதிய ஜனதா. 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியபோது 140-க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். ஆகவே இதைக் கட்சிச் சண்டையாக்க நினைப்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கி நிற்கட்டும். நாற்காலியில் இருப்பவர் யாராயினும் இந்தச் சாவியைத் திருப்பித் தந்ததில்லை.

"அதற்கெல்லாம் முறை இருக்கிறது, மறுஆய்வுக் குழு இருக்கிறது" என்பது அடுத்த சமாதானம். இருக்கிறது. 1996-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஏற்பாடு அது. உள்துறைச் செயலர் ஆணையிடுவார். செயலர்களே அடங்கிய குழு அதை மறுஆய்வு செய்யும். நீதிபதி எவரும் இடையில் இல்லை. இந்தக் குழு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடுகிறது என்றும், ஒவ்வோர் அமர்விலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டிய நடைமுறைக்கு ஒவ்வாத பணி அதற்கு இருக்கிறது என்றும் 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை சொன்னது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை முதல் மாலை வரை, சாப்பாட்டுக்குக்கூட எழாமல், எட்டு மணிநேரம் உட்கார்ந்தாலும் நிமிடத்துக்கு 31 ஆணைகளைப் படித்தாக வேண்டும். ஓர் ஆணைக்கு இரண்டு விநாடி. இந்தக் கட்டுரையின் தலைப்பைப் படிக்கும் நேரத்தில் ஒரு குடிமகனின் அந்தரங்கம் பரிசீலிக்கப்பட்டுவிடுகிறது. எந்த மென்பொருள் அலுவலகத்திலாவது இந்த வேகத்தில் நிரலைச் சரிபார்த்ததாகச் சொன்னால் நம் நண்பர்கள் சிரிக்க மாட்டார்களா?

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சாதாரணக் குற்ற விசாரணைக்காக ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011-இல் பிறப்பித்த ஆணையை ரத்து செய்தது. இவை நல்ல தீர்ப்புகள். ஆனால் ஒட்டுக்கேட்கப்படுபவருக்கு அது தெரிந்தால்தானே நீதிமன்றத்துக்குப் போக முடியும்? பெகசஸ் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 கைபேசிகளைச் சோதித்து, ஐந்தில் ஏதோவொரு தீநிரல் இருந்ததைக் கண்டது. அது பெகசஸ்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்ற வாக்கியத்தை நம் நண்பர்கள் ஒருமுறையாவது அரசைப் பார்த்துச் சொல்லிக் கேட்கலாம்.

கண்காணிப்பு மலிவாகிவிட்டது என்றோம்; இலவசமாகிவிடவில்லை. அன்று ஒற்றனுக்குப் போட்ட சோற்றை இன்று இயந்திரத்துக்கு மின்சாரமாகப் போடுகிறார்கள். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை யூட்டா மாநிலத்தில் கட்டிய தரவுக் கிடங்கு 65 மெகாவாட் மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. உலகத் தரவு மையங்கள் எல்லாமாகச் சேர்ந்து 2024-இல் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட், செலவழித்ததாகச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. இதில் பெரும்பகுதி வேவுக்கானதல்ல என்பதை அறிவோம். ஆனால் சேமிப்பது எதற்கென்று கேட்காமல் சேமிக்கும் பழக்கம் ஒன்றேதான். அந்தப் பசிக்காக, 2019-இல் மூடிய த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையைத் திரும்ப இயக்க மைக்ரோசாஃப்ட் 2024-இல் இருபதாண்டு மின்சார ஒப்பந்தம் போட்டது.

அணு உலை என்றதும் நமக்குக் கூடங்குளம் நினைவுக்கு வராமல் இராது. அந்த உலையின் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்ட இடிந்தகரை மக்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது அரசு. கடற்கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த மீனவப் பெண்கள் தேசத்துக்கு ஆபத்தானவர்களாகத் தெரிந்தார்கள். அதே கூடங்குளத்தின் நிர்வாகக் கணிப்பொறி வலையமைப்புக்குள் 2019-இல் தீநிரல் நுழைந்தது. அக்டோபர் 29 அன்று, அப்படி ஏதும் நடக்கவில்லை, நடக்கவும் வாய்ப்பில்லை என்று மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது; உலையை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் மென்பொருள் தளத்திலும் அந்நியர் கைவைத்தார்கள். தன் வீட்டுத் தாழ்ப்பாளையே சரியாகப் போடத் தெரியாதவர், ஊரார் வீட்டுச் சாவிகளையெல்லாம் என்னிடம் கொடுங்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிறார். கொடுப்பதா? சாவியைப் பெறுபவர் உத்தமராகவே இருந்தாலும் கொடுக்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இனி நம் நண்பர்களுக்கு. உங்களுக்கு ஏன் இது உறைக்கவில்லை என்பது நமக்குப் புரிகிறது. அலுவலக வாசலில் அடையாள அட்டை உங்கள் வரவையும் போக்கையும் எண்ணுகிறது. மடிக்கணினியில் மேலாளர் பொருத்திய நிரல், விசைப்பலகை எத்தனை நிமிடம் சும்மா கிடந்தது என்று குறித்துவைக்கிறது. வாடிக்கையாளர் பார்க்கலாம், மனிதவளத் துறை பார்க்கலாம் என்ற நினைப்பிலேயே ஒவ்வொரு மின்னஞ்சலையும் எழுதிப் பழகியிருக்கிறீர்கள். பார்க்கப்படுவது உங்களுக்குச் சம்பளத்தோடு வந்த நிபந்தனை. காலப்போக்கில் அதுவே இயல்பென்று ஆகிவிட்டது. ஆனால் வேலைக்கு வைத்தவனிடமிருந்து ராஜினாமா செய்துகொண்டு போகலாம். அரசிடமிருந்து எங்கே போவது?

"நான் ஒரு சிறு பகுதியைத்தான் எழுதினேன், அது எங்கே பொருந்தும் என்று எனக்குத் தெரியாது" என்பதும் செல்லாது. தெரிந்துகொள்ளும் படிப்பு உங்களிடம் இருக்கிறது. 2018-இல் ஆளில்லா விமானக் காட்சிகளை ஆராயும் இராணுவத் திட்டத்தில் தங்கள் நிறுவனம் ஈடுபடுவதை எதிர்த்து கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த வெற்றி நிலைக்கவில்லை, 2025-இல் அதே நிறுவனம் ஆயுதத்துக்கும் கண்காணிப்புக்கும் எதிராகத் தான் அளித்திருந்த வாக்குறுதியை நீக்கிக்கொண்டது என்பதும் உண்மை. எனவே ஒருமுறை கையெழுத்திட்டுவிட்டு உறங்கப் போக முடியாது. நம் ஊரில் அந்த ஒருமுறைகூட இன்னும் நடக்கவில்லை.

பயங்கரவாதிகளைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பிடிக்க வேண்டும். ஒற்றாடலே கூடாது என்பது நமது வாதமல்ல. ஒருவரை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் அரசு ஒரு நீதிபதியின் முன் காரணத்தைச் சொல்லி அனுமதி பெறட்டும். அமெரிக்காவில் குற்ற விசாரணைக்கான ஒட்டுக்கேட்புக்கு 1968 முதல் அதுதான் சட்டம். விசாரணை முடிந்தபின் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கட்டும். ஆண்டுக்கு எத்தனை ஆணைகள் என்ற எண்ணிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். இந்த மூன்றும் எந்தப் பயங்கரவாதியையும் தப்பவிடாது. சோம்பேறித்தனமான ஆணைகளை மட்டுமே தடுக்கும்.

கேட்டால் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில், விற்பனைக்கு வரும் எல்லாக் கைபேசிகளிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலி முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உற்பத்தியாளர்களுக்கு ஆணையிட்டது. செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை அரசு விலக்கிக்கொண்டது. எதிர்த்தவர்கள் எல்லோரிடமும் மறைப்பதற்கு ஏதோ இருந்தது என்று நம் நண்பர்கள் சொல்வார்களானால், ஆம், இருந்தது. கடிதம், நட்பு, ஐயம், எழுதிக் கிழித்துப்போட்ட வரி, இன்னும் யாரிடமும் சொல்லத் துணியாத கருத்து. இவையெல்லாம் இல்லாதவனுக்கு இலக்கியம் எதற்கு?