சோதிக்கப்படாத பெண்களின் கணக்கு

பஞ்சில் தோய்த்த நீர்த்த வினிகர், ஒரு நல்ல விளக்கு, ஒரு நிமிடக் காத்திருப்பு. கருப்பைவாய்ப் புற்றுநோயை அது புற்றுநோயாவதற்கு முன்பே கண்டுபிடிக்க இவ்வளவு போதும். வினிகர் பட்டதும் மாறத் தொடங்கியிருக்கும் செல்கள் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அதை வெறும் கண்ணால் பார்த்துவிடுவார். வெளுத்த இடத்தை அங்கேயே உறையவைத்தோ சூட்டால் சுட்டோ அழித்துவிடலாம். மயக்கமருந்தோ பெரிய அறுவை அரங்கோ தேவையில்லை. அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய நோயால்தான் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பெண்கள் சாகிறார்கள். 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய புற்றுநோய் மதிப்பீடு தரும் எண் இது. புதிதாக நோய் வருவோர் ஏறக்குறைய 1,27,000 பேர். பணக்கார நாடுகள் பலவற்றில் இந்த நோய் அபூர்வமாகிக்கொண்டிருக்கிறது. இங்கே இது கூலிப் பெண்களின் நோயாகவே நீடிக்கிறது. ஏன் என்ற கேள்விக்கு மருத்துவம் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். இதைத் தேடி நிறுவியதற்காகத்தான் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலுறவு கொள்ளும் ஆண், பெண் இருபாலரில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் தொற்றிவிடும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ், செல்லின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் இரண்டு புரதங்களைச் செயலிழக்க வைக்கிறது. கடிவாளம் போன செல் பெருகுகிறது, பழுதோடு பெருகுகிறது. அது புற்றாக மாற 10 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும். இத்தனை நீண்ட அவகாசத்தைத் தரும் புற்றுநோய்கள் குறைவு. இந்த அவகாசத்துக்குள் ஒருமுறைகூட யாரும் எட்டிப்பார்க்காத உடல்கள் யாருடையவை என்பதுதான் நம் கேள்வி.

நம் மருத்துவப் பாடப்புத்தகங்கள் இந்த நோய்க்கான காரணிகளைப் பட்டியலிடும்போது இளவயதுத் திருமணம், அதிகப் பிரசவம் இவற்றோடு 'பிறப்புறுப்புச் சுகாதாரமின்மை', 'தாழ்ந்த சமூகப் பொருளாதார நிலை' என்றும் சேர்த்து நீண்டகாலம் எழுதிவந்தன. பல மருத்துவர்கள் இன்றும் அப்படியே பேசுகிறார்கள். இந்நாட்டில் 'சுத்தமில்லாதவர்கள்' என்ற சொல் யாரை நோக்கிப் பாயும் என்று நமக்குத் தெரியும். வைரஸ் கழுவினால் போவதில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரும், அந்தக் கணவன் வழியாக. ஆனால் நோயுற்றவளிடம் கேட்கப்படுவது அவளுடைய ஒழுக்கமும் அவளுடைய குளியலும். இந்தக் கேள்விக்குப் பயந்தே பரிசோதனை அறைக்குள் நுழையாத பெண்களை என் ஆய்வுக்காகப் பார்த்திருக்கிறேன். "டெஸ்டுக்குப் போனா ஊருல என்ன பேசுவாங்க?" என்பதுதான் முதல் பதிலாக வரும்.

இனி அந்த வினிகர் சோதனையின் வரலாற்றுக்கு வருவோம். அது இந்தியாவில்தான், அதிலும் ஒரு பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நிரூபிக்கப்பட்டது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களை ஊர்த் தொகுதிகளாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சோதனை செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்குச் செய்யவில்லை. சோதனைப் பிரிவில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வு, ஒரே ஒரு எச்பிவி சோதனை சாவை ஏறக்குறைய பாதியாக்கும் என்று 2009இல் காட்டியது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கிய மூன்றாவது ஆய்வு, வினிகர் சோதனையால் சாவு 31 சதவீதம் குறைவதாகச் சொன்னது. இன்று உலகெங்கும் ஏழை நாடுகள் இந்த முறையைப் பின்பற்றுவதற்கு இந்த ஆய்வுகளே பெரும் ஆதாரம்.

சோதிக்கப்படாத பிரிவினர் என்ன ஆனார்கள்? மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து 1,38,624 பெண்கள். அவர்களில் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா இதை 'இந்திய மருத்துவ அறவியல் இதழில்' எழுதியபோது பெரும் விவாதம் கிளம்பியது. ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது: ஒப்பீட்டுப் பிரிவினருக்கு இந்தியாவில் 'வழக்கமாக' என்ன கிடைக்குமோ அதைக் கொடுத்தோம். வழக்கமாக இங்கே எந்தப் பரிசோதனையும் கிடைப்பதில்லை. எனவே நாங்கள் எதையும் பறிக்கவில்லை.

இந்த வாதம் சட்டப்படி எப்படியோ, அதன் தர்க்கத்தை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாப் சோதனை என்ற செல் பரிசோதனையைப் பாபனிகொலாவும் டிராட்டும் 1940களிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். பரிசோதனை சாவைக் குறைக்கும் என்பது மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாகக் கண்கூடு. ஆனாலும் நூறாயிரம் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டு எண்ணுவது இங்கே சாத்தியமாயிற்று. இங்கே 'வழக்கம்' என்பதே எதுவும் இல்லாமைதான் என்பதே காரணம். குளத்தில் தண்ணீர் எடுக்க விடாததும் வழக்கம்தான். வழக்கத்தை ஒப்பீட்டு அளவுகோலாக எடுத்துக்கொண்டால் எந்த அநீதியும் இழப்பாகத் தெரியாது.

இது முதல் தடவையும் இல்லை. 1976 முதல் 1988 வரை டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனமொன்று, கருப்பைவாய்ச் செல்களில் மாற்றம் கண்ட சுமார் 1,100 பெண்களுக்குச் சிகிச்சை தராமல், மாற்றம் எப்படிப் புற்றாகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தது. எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கப்படவில்லை. 1990களின் பிற்பகுதியில்தான் விஷயம் வெளியே வந்தது.

அடுத்தது தடுப்பூசி. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயது வரையிலான ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடப்பட்டது. பலர் பழங்குடிச் சிறுமிகள், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பெண்கள் அமைப்புகள் களத்துக்குச் சென்று விவரங்களை வெளிக்கொண்டுவந்த பிறகு 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு, ஒப்புதல் வாங்கிய முறையைக் கடுமையாகக் கண்டித்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்தில் சிலர் சொல்லத் தவறுவதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சாவுகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணை முடிவு சொன்னது. விஷக்கடி, நீரில் மூழ்குதல், காய்ச்சல் எனக் காரணங்கள் வேறுவேறு. கம்மத்தில் நடந்தது ஒப்புதல் என்ற உரிமையின் மீறல். அதைத் 'தடுப்பூசி கொல்லும்' என்ற வதந்தியாக மாற்றி வாட்சப்பில் சுற்றவிடுவது அந்தச் சிறுமிகளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. எச்பிவி தடுப்பூசி உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டுவிட்டது. சிறுவயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் பெருமளவு குறைந்திருப்பதை ஸ்வீடனும் இங்கிலாந்தும் பதிவுசெய்துள்ளன. இயற்கை வாழ்வு, மூலிகை, பாட்டி வைத்தியம் என்று பேசி இதைத் தடுப்பவர்கள், தங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று என்றால் எந்த மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். 1930களிலேயே கர்ப்பத்தடையை வெளிப்படையாகப் பேசிய பெரியாரின் மண்ணில், கருப்பையைப் பற்றிய அறிவியலை நாம் பாட்டி வைத்தியத்திடம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இன்னொரு முரணும் உண்டு. 2010இல் அரசு எல்லா எச்பிவி தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னபோது, திண்டுக்கல் அம்பிளிக்கை உட்படப் பல இடங்களில் நடந்துகொண்டிருந்த வேறொரு ஆய்வும் பாதியில் நின்றது. இரண்டு, மூன்று தவணை போட வேண்டிய ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரு தவணையோடு முடிந்துபோனது. அவர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது ஒரே தவணை போதுமான பாதுகாப்புத் தருவது தெரியவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையும் போதும் என்று சொன்னதற்கு இந்தச் சிறுமிகளின் உடல்களும் சாட்சி. உலகத்துக்கே தடுப்பூசிச் செலவு குறைந்தது. தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கப்பட்ட அதே ஊசி அவர்களுடைய தங்கைகளுக்கு எப்போது கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. சிக்கிம் மாநிலம் 2018லேயே பள்ளிகளில் போட்டுமுடித்தது. புனேயில் தயாரான உள்நாட்டு ஊசி 2023இல் சந்தைக்கு வந்தது. பெரிய மாநிலங்கள் அதற்குப் பிறகும் அறிவிப்புகளில்தான் இருந்தன.

பரிசோதனைக்குத் திரும்புவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் தமிழ்நாட்டிலும் அது 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை இலவசம். முன்னோடி மாநிலம் என்ற பெருமைக்கு அடியில் 90 பேர் நிற்கிறார்கள்.

இந்தப் பரிசோதனை தொட்டுச் செய்வது. ஒரு பெண் படுத்து, உடை விலக்கி, இன்னொருவர் கை படச் செய்வது. தொடுதல் இந்தச் சமூகத்தில் ஒருபோதும் வெறும் தொடுதலாக இருந்ததில்லை. சேரியிலிருந்து வந்தவளிடம் 'குளிச்சிட்டு வந்தியா' என்று முகம்சுளித்துக் கேட்கும் குரலை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவள் மறுபடி வரமாட்டாள். அவள் சொல்லி அந்தத் தெருவிலும் யாரும் வரமாட்டார்கள். பதிவேட்டில் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதப்படும்.

சோதனையில் தப்பி, நோய் முற்றி வருகிறவளுக்கு இருப்பது கதிரியக்கம். நம் மக்கள் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்து, பிறகு சில தடவை உள்ளே கருவி வைத்துக் கதிர். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். இடையில் நாள் விட்டுப்போனால் எஞ்சிய புற்றுச் செல்கள் பெருகிவிடும், குணமாகும் வாய்ப்பு குறையும். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கான பணத்தைக் கட்டிவிடும். எட்டு வாரக் கூலியை யார் கட்டுவார்கள்? நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் கதிரியக்கக் கருவி இருக்கும் நகரத்துக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும், துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. பாதியில் நின்றவர்களைப் பற்றி மருத்துவர்கள் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று குறிப்பெழுதுகிறார்கள்.

செய்யக்கூடியவை தெரியாதவை அல்ல. எச்பிவி சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே, தன் வீட்டிலேயே, பஞ்சுக்குச்சியால் எடுத்துக்கொள்ள முடியும். உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றிருக்கிறது. முகம் சுளிக்கும் கையை அவள் முதல் கட்டத்தில் சந்திக்கவே வேண்டியதில்லை. வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களின் பையில் இந்தக் குச்சியும் இருக்கலாம். தடுப்பூசி அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் முதலில் தொடங்க வேண்டும், பெற்றோரை அழைத்து, அவர்கள் மொழியில் விளக்கி, கையெழுத்து அவர்களிடமே வாங்கி. சிகிச்சை நாட்களுக்கு வேலையுறுதித் திட்டக் கூலிக்குக் குறையாத தொகை கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது என்று மாவட்டவாரியாக வெளியிடும் அரசு, அதில் எத்தனை பேர் பட்டியல் சாதி, எத்தனை பேர் பழங்குடி, நோய் தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதையும் அதே அறிக்கையில் வெளியிடட்டும்.