நிறம் வேறு, இனம் வேறு!

செந்தாமரை என்று ஒருவன் சொன்ன அளவிலேயே, வெண்டாமரையும் உண்டென்பது கேட்டவனுக்கு விளங்கிவிடும். இரண்டும் தாமரையே. ஓரினத்துக்குள் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக்காட்டும் இத்தகைய அடையைத்தான் தமிழிலக்கணத்தார் இனமுள்ள அடை என்றனர். நிறங்குறித்த அடை பூவைப் பிரிக்குமேயன்றிப் புதுப்பூவைப் படைத்துவிடாது. இவ்வளவு தெளிந்த இலக்கணம் கண்ட மண்ணிலேதான், நாயின் மயிர் கருத்திருந்தால் ஓரினம், சிவந்திருந்தால் வேறோரினம் என்று வழக்காடிக்கொண்டிருக்கின்றனர்!

வழக்கு, கன்னியையும் சிப்பிப்பாறையையும் பற்றியது. தென்பாண்டிக் கரிசல் நிலம் வளர்த்தெடுத்த வேட்டை நாய்கள் இவை. ஒடுங்கிய தலை, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நெடிய கால்கள். முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் விரைவு. இவையெல்லாம் இரண்டற்கும் பொது. கருமேனியும், கண்களின் மேலும் மார்பிலும் கால்களிலும் பழுப்புத் திட்டும் இருப்பின் கன்னி. செவலை, மயிலை, சாம்பல் முதலிய பிற நிறத்தனவாயின் சிப்பிப்பாறை. இதுவே பலர் கூறும் பிரிவினை. கருனாலிலுள்ள நடுவணரசின் விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முதலாகப் பதிவுசெய்த நாயினங்கள் மூன்று. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தமிழகத்தின, முதோல் கருநாடகத்தது. கன்னி அப்பட்டியலில் இல்லை. அது விடுபட்டதா, சிப்பிப்பாறையுள் அடங்கியதா என்று கேட்போர்க்கு மயிரின் நிறம் விடை கூறாது.

பெயர்களையேனும் எண்ணிப் பார்த்தார்களா? இராசபாளையம் ஊர்ப்பெயர், கோம்பை ஊர்ப்பெயர், சிப்பிப்பாறையும் ஊர்ப்பெயரே. கன்னியோ, மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தமையால் வந்த பெயர் என்பர். நான்கனுள் நிறத்தால் பெயர்பெற்றது ஒன்றுண்டா? அன்றியும், பால்நிறத்ததைப் பால்கன்னி என்று அழைப்பாரும் உளர். கருநிறமே கன்னியாயின் பால்கன்னி எங்ஙனம் பிறந்தது?

கொங்கு நாட்டு உழவனைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லியிருப்பான். அவனுக்கு மயிலையுண்டு, செவலையுண்டு, காரியுண்டு, பிள்ளையுண்டு; எல்லாம் காங்கேயமே. காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, சில திங்களில் சாம்பல்நிறம் கொள்ளும். நிறவினக் கொள்கையாரின் கணக்குப்படி அது தாய்மடியை விடுமுன்னரே இனம் மாறிவிடுகின்றது போலும்!

‘கன்னியும் கன்னியும் கூடினால் கன்னியே பிறக்கின்றது, ஆதலின் அது தனியினம்’ என்பது அவர்தம் வலிய வாதம். தென்காசியை அடுத்த அச்சன்புதூரில் ஓர் உழவர் செவலை நாய்கள் இரண்டை வளர்க்கின்றார் எனக் கொள்க. இரண்டும் கரும்பழுப்பு நிறத்திற்குரிய மரபுக்கூற்றை வெளித்தோன்றாமல் தாங்கியிருப்பின், நான்கு குட்டிக்கு ஒன்று என்னும் அளவில் கருமேனிக் குட்டி பிறக்கும். தாயும் செவலை, தந்தையும் செவலை, குட்டியோ கருமை! அந்நிறக்கூறு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படும். எனவே அந்நிறத்தவை இரண்டு கூடினால் பெரும்பாலும் அந்நிறக் குட்டிகளே பிறக்கும். எந்த நாயினத்திலும் இது நிகழும். இதனால் நிறம் வழிவழி வருவது நிறுவப்பட்டதேயன்றி, இனம் வேறென்பது நிறுவப்படவில்லை.

மேலைநாட்டைக் காட்டுவாரும் உளர். செருமானிய மேய்ப்பு நாயில் பிறந்த வெள்ளைக் குட்டிகளைச் செருமானியர் ஒதுக்கினர். அவ்வெள்ளையையே சுவிட்சர்லாந்தினர் தனித்துப் பேணினர். 2011 ஆம் ஆண்டில் பன்னாட்டு நாய்க்கழகம் அதனைத் தனியினமாக முழுமையாக ஏற்றது. உண்மையே. ஆனால், பல தலைமுறை பிற கலவாமல் பதிவேடு வைத்துக் காத்த காவலன்றோ ஆங்கே இனத்தை ஆக்கியது? கன்னிக்கு அத்தகைய வழிமுறைப் பதிவேடு உடையார் அதனை முன்வைக்கட்டும், மறுப்பாரில்லை. அது கையில் இல்லாமல் மயிரை மட்டும் காட்டுவது வழக்காகாது. அந்நாட்டவரே கரிய, பழுப்பு, மஞ்சள் இலாபிரடார்களை ஒரே இனமாகத்தான் வைத்திருக்கின்றனர். அதனை எடுத்துக்காட்டுவார் இலர்.

இது வெறுஞ்சொற்போரெனின் விட்டுவிடலாம். இராசபாளையத்தில் நேர்ந்ததை நினைக்க நெஞ்சு பதைக்கின்றது. பால்வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமே இராசபாளையம் என்று வகுத்துக்கொண்டமையால், அதே ஈற்றில் திட்டுடனும் பழுப்பாகவும் கருமையாகவும் பிறந்த குட்டிகளை முற்காலத்தில் கொன்றொழித்தனர். அவையும் அதே தாயின் பாலுக்கு வாய்திறந்தவையன்றோ! வெண்மையொன்றையே விழைந்து இணைத்ததன் பயனும் வந்தது. செவிக்குள்ளும் நிறந்தரும் நுண்ணறைகள் தேவை. அவை அற்றபோது செவி கேளாது. இராசபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்போர் அறிவர். காவலுக்கும் வேட்டைக்கும் பேர்பெற்ற நாய்க்கு வந்த கேட்டைப் பாருங்கள்!

அதே கேட்டினைக் கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் கூட்டுவிக்கின்றனர் நிறத்திற்கு விலைகூறும் வணிகர். முன்பே சுருங்கிப்போன கூட்டத்தை நிறத்தால் இரண்டாகப் பிளந்தால், இரு பாதியிலும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்க்க நேரும், நோய் மலியும், ஓட்டம் குன்றும். அச்சன்புதூர் உழவர் வீட்டில் பிறந்த அக் கருமேனிக் குட்டியின் பதிவில், இனம் என்னும் இடத்தில் அதன் தாயின் இனத்தையும், நிறம் என்னும் இடத்தில் கரும்பழுப்பு என்பதையும் எழுதுக. அதனை ஈன்ற செவலைக்கும் அவ்வாறே எழுதுக. குட்டியை விற்கவரும் வணிகன் வேறொரு பெயர் சொன்னால், அதன் தாயைக் காட்டச் சொல்லிக் கேட்பது வாங்குவோர் கடன்.