விண்கலம் வந்தது, பூட்டு வரவில்லை

நான் பி.காம். எனக்கும் சி ப்ளஸ் ப்ளஸ் என்கிற கம்ப்யூட்டர் மொழிக்கும் என்ன வாய்க்கால் வரப்புத் தகராறு என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது. நீங்கள் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டுகிற க்ரோம் பிரவுசரின் பெரும்பகுதி அந்த மொழியில் எழுதியதுதான்.

1998-ல் அதற்கு முதல் சர்வதேசத் தரநிர்ணயம் வந்தது. 2011-லிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, தீபாவளி மலர் மாதிரி தவறாமல். 2020 பதிப்பில் மாட்யூல், கான்செப்ட், கோரூட்டீன் என்று ஒரு லோடு சரக்கு. அதில் ஒரு குறிக்கு 'விண்கலம்' என்றே செல்லப்பெயர். இரண்டில் எது பெரிசு, எது சிறிசு, இல்லை இரண்டும் சமமா என்று ஒரே வீச்சில் சொல்லிவிடும். பேஷ்!

எனக்கு ஓர் அல்ப சந்தேகம். பீரோவில் ஐந்து தட்டுதான் இருக்கிறது. பத்தாவது தட்டிலிருந்து எடு என்று புரோகிராமர் கைத்தவறுதலாக எழுதிவிடுகிறார். 1995-ல் வந்த ஜாவா, அப்படி ஒரு தட்டே இல்லை என்று அங்கேயே நின்றுவிடும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் சோதிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. பக்கத்து வீட்டு பீரோவுக்குள் கை போனாலும் போகும்.

கள்ளச்சாவி ஆசாமிகள் தேடுவது இதைத்தான், இதன் பங்காளிகளைத்தான். தங்கள் மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைக் கையாள்வதில் வந்த பிசகுகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. க்ரோமின் தீவிரமான ஓட்டைகளிலும் ஏறக்குறைய அதே கணக்குதான் என்று 2020-ல் கூகுள் சொன்னது. புது வசதிகளெல்லாம் சொத்துப் பக்கத்தில் ஏறுகின்றன. ஓட்டைகளைக் கமிட்டி எந்தப் பக்கத்தில் எழுதியது? அது உங்கள் அக்கவுன்ட்டில் அல்லவா விழுகிறது!

சோதித்துத் தரும் 'அட்' என்று ஒரு வழி 1998-லேயே உண்டே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். உண்டு. கேட்டால் பூட்டு, கேட்காவிட்டால் திறந்த கதவு என்பது என்ன ஏற்பாடு ஸார்? வேகம் குறையும் என்பது அடுத்த பதில். வேகம் அவசியமான இடத்தில் மட்டும் பூட்டைக் கழற்றிக்கொள்ளட்டுமே, யார் வேண்டாம் என்றது?

மொழியைப் படைத்த ஸ்ட்ரூஸ்ட்ரப்பே 2018-ல் கமிட்டிக்கு ஓர் எச்சரிக்கை எழுதினார். அவர் ஞாபகப்படுத்தியது வாஸா என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பலை. பீரங்கிகளும் சிற்பங்களுமாக ஏற்றிக் கட்டி, 1628-ல் முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் மூழ்கிய கப்பல். அதற்குப் பிறகு வெளியானதுதான் விண்கலப் பதிப்பு. (அந்த லோடில் சிலது அவரே ஆசைப்பட்ட சரக்கு என்பது வேறு விஷயம்.)

2025-ல் அடுத்த பதிப்பின் வரைவில் ஒருவழியாக அந்தத் தட்டுச் சோதனையைச் சேர்த்தார்கள். சந்தோஷம். ஆனால் அது எல்லாருக்கும் கட்டாயமில்லை. கம்பைலர் தருபவர் அந்தக் கெட்டி ரகத்தைக் கொடுத்து, புரோகிராமரும் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. 27 வருஷம் கழித்து வந்த பூட்டு, அட்டைப்பெட்டியோடு. உங்கள் வீட்டில் சாஃப்ட்வேர் மாப்பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர் கம்பெனியில் பெட்டியைப் பிரித்தாகிவிட்டதா என்று.