அணைக்குப் பின் மீனுக்கு உணவு யாது?



தில்லியிலும் பஞ்சாபிலும் குடியேறிய நம்மவருள் பக்ரா அணையைக் கண்டு வியந்தவர் பலர். சத்லஜ் ஆற்றின் குறுக்கே 226 மீட்டர் உயரம் எழுந்து நிற்கும் அவ்வணையை 1963 அக்டோபரில் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் நீர் வயல்களை விளைவித்து, மக்கள் வயிற்றை நிரப்பியது என்பதில் ஐயமில்லை. அந்நீரில் வாழும் மீன்களின் வயிறு என்னவாயிற்று என்பதை இத்திங்கள் சற்றே ஆராய்வோம்.

ஓடும் மலையாறு மீன்களுக்கு ஓர் அடுக்களை போன்றது. ஆழமற்ற நீரில் கதிரவன் ஒளி அடிவரை எட்டுவதால் கற்களின்மேல் பாசி படரும். கற்களின் இடுக்கில் நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் வளரும். கரை மரங்களிலிருந்து கனியும் இலையும் விழும். பாசியைச் சுரண்டித் தின்பதற்கென்றே மலையாற்று மீன்கள் சிலவற்றுக்குக் கீழ்த்தாடை கூரிய விளிம்புடன் அமைந்துள்ளது. மகாசீர் என்னும் பெருமீன் பூச்சி, நத்தை, சிறுமீன், நீர்ச்செடி ஆகிய பலவற்றையும் உண்ணும்.

ஆற்றைத் தேக்கியதும் இவ்வடுக்களை மூழ்குகிறது. ஆழத்தில் ஒளி எட்டாது; வண்டல் படிந்து கற்களை மூடிவிடும்; நீரோட்டத்தை நம்பிய பூச்சிகள் மடியும். அவற்றின் இடத்தில், கண்ணுக்கெளிதிற் புலப்படாத மிதவை உயிர்கள் மேல்நீரில் பெருகுகின்றன. முதற்சில ஆண்டுகளில் மூழ்கிய செடிகொடிகள் அழுகி நீருக்கு எருவாவதால் உணவு மிகும், மீனும் கொழுக்கும். அவ்வெரு தீர்ந்தபின் விளைச்சல் தணியும். ஆகவே, புதிய தேக்கத்தின் தொடக்கச் செழிப்பைக் கண்டு மயங்குதல் தகாது.

பக்ராவின் தேக்கமாகிய கோவிந்தசாகரில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. மகாசீர் அருகியது. மிதவை உயிர்களை உண்ணும் கட்லா அங்கே விடப்பட்டுச் செழித்தது. 1971-இல் ஒரு மீன்பண்ணையிலிருந்து வெள்ளிக்கெண்டை தற்செயலாகத் தேக்கத்தினுள் புகுந்தது. செவுள்களில் நுண்ணிய சல்லடை கொண்ட அம்மீன், மிதவை உணவை வடித்துண்டு பெருகிற்று. நாளடைவில் கட்லா குறைந்து, வலையில் விழுவதில் வெள்ளிக்கெண்டையே மிகுதியாயிற்று.

அணைக்குக் கீழேயும் துன்பம் உண்டு. மின்னுற்பத்திக்காக நீரை விடுவதும் நிறுத்துவதுமாக இருப்பின், ஒரே நாளில் ஆறு ஏறி இறங்கும். கரையோரக் கற்களில் ஒட்டிய பூச்சி முட்டைகள் உலர்ந்து போகும்.

நம் காவிரியிலும் 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், கடலிலிருந்து மேலேறி வந்த உல்லம் மீன் அற்றுப்போயிற்று. அங்கே அடைபட்டது வழி. சத்லஜில் மாறியது உணவு.

அரிசி அரிதான ஊரில் கோதுமை உண்ணப் பழகினோமே, மீனும் அவ்வாறு பழகாதா என்று நம் இல்லத்தரசிகள் வினவலாம். பழகும் மீன்கள் உள்ளன. ஆயினும், பாசி சுரண்டும் வாயோடு பிறந்த மீன், மிதவை உயிரை வடிக்கும் வாயை எங்ஙனம் பெறும்? அதற்கு ஓடும் நீரே வீடு. அவ்வீடு போனால் அம்மீனும் போம்.

அணையே வேண்டாமென்பது நம் கருத்தன்று. ஆண்டு முழுதும் ஆற்றில் ஓரளவு நீரோட்டம் இருத்தல், நீரைச் சிறுகச் சிறுக ஏற்றி இறக்குதல், துணையாறுகள் சிலவற்றையேனும் தடையின்றி ஓடவிடுதல் ஆகிய இம்மூன்றும் செய்யக்கூடியவையே. அணைக்குத் திட்டம் தீட்டுவோர் ஏக்கரையும் மின்சாரத்தையும் கணக்கிடும்போது, மீனின் உணவையும் ஒரு வரியில் சேர்த்தெழுதுவாராக.