"ஸ்பீக்கர் போச்சு" என்று சொல்வதற்கு முன்

பதிவு கொஞ்சம் நீளம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்கி எழுந்தே படிக்கலாம்.

"சார், லேப்டாப்பில் சத்தம் வரல, ஸ்பீக்கர் போச்சு." இந்த மாதம் மூன்று பேர் இப்படிப் போன் செய்தார்கள். அதில் ஒருத்தி என் அக்கா பேத்தி. திங்கட்கிழமை அவளுக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. கடையில் போர்டு மாற்ற வேண்டும், 4,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பா ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

"எதைச் சோதித்துப் பார்த்தார்கள்?" என்று கேட்டேன். "பாட்டு போட்டுப் பார்த்தாங்க தாத்தா, வரல."

பாட்டு போட்டுப் பார்ப்பதை நான் சோதனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டு இன்டர்நெட்டில் வருகிறது, பிரவுசருக்குள் நுழைகிறது, ஒலி அளவு அமைப்பைத் தாண்டுகிறது, டிரைவர், சவுண்ட் சிப், ஒயர் என்று கடந்து கடைசியில்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. எங்கே நின்றாலும் விளைவு ஒன்றுதான்: மௌனம். அந்த மௌனத்தை வைத்துக் கடைசியில் நிற்பவன்மேல் பழி போடுவது என்ன நியாயம்?

லினக்ஸில் இதற்கு நேர்வழி இருக்கிறது. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சென்னை சி-டாக்கில் உருவானது. பாதிப் பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து 'ஏபிளே' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சிறுகோடும் சின்ன 'எல்'லும் சேர்த்துத் தட்டுங்கள். இயந்திரத்தில் உள்ள ஒலிக் கருவிகள் எண்ணோடு வரிசையாக வரும். பட்டியலே காலி என்றால் டிரைவரையோ சிப்பையோ பார்க்க வேண்டும். ஸ்பீக்கரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்தது 'ஸ்பீக்கர்-டெஸ்ட்'. வெறுமனே அடித்தால் மழை பெய்வது போல ஓர் இரைச்சல் வரும். சிறுகோடு 'சி' 2, சிறுகோடு 'டி' 'வேவ்' (இந்த 'டி' டீச்சருக்கு வரும் சின்ன டி) என்று சேர்த்தால் ஒரு பெண் குரல் முதலில் இடது, பிறகு வலது என்று ஆங்கிலத்தில் சொல்லும். நிறுத்த கன்ட்ரோல், சி. 'வேவ்'வுக்குப் பதில் 'சைன்' போட்டு, சிறுகோடு 'எஃப்' 256 என்று கொடுத்தால் நம் ஆய்வகத்து 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதே சுருதி. இயற்பியல் வாத்தியாருக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்!

பேத்தியின் பட்டியலில் இரண்டு கருவிகள் இருந்தன. 0 என்பது டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ, 1 என்பது உள் ஸ்பீக்கர். சத்தம் முழுக்க இல்லாத டிவிக்குப் போய்க்கொண்டிருந்தது! பெரிய 'டி'க்குப் பின் 'பிளக்ஹெச்டபிள்யூ', முக்காற்புள்ளி, 1, காற்புள்ளி, 0 என்று கருவியைக் குறித்துச் சொன்னதும் இடது, வலது இரண்டும் கணீரென்று பேசின. (கருவி பிஸி என்று வந்தால் பிரவுசரை மூடிவிட்டு மறுபடி அடியுங்கள்.) பிறகு அமைப்புகளில் கருவியை மாற்றினாள். செலவு இல்லை.

எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. 'அல்சாமிக்சர்' திறந்தால் சில பட்டைகளின் அடியில் 'எம்எம்' என்று நிற்கும். வாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். 'எம்' தட்டினால் திறக்கும். ஹெட்போன் துளையில் தூசி அடைத்து, ஹெட்போன் மாட்டியிருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்வதும் உண்டு. இவ்வளவும் பார்த்தும் ஒரு பக்கம் மட்டும் பேசவில்லை என்றால் தாராளமாகக் கடைக்குப் போங்கள். "வலது ஸ்பீக்கர் மட்டும் வரல" என்று சொல்லிக்கொண்டு போங்கள். அப்போது போர்டு மாற்றும் பேச்சு எழாது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கட்டளை பாஸ், ஃபெயில் என்று மதிப்பெண் போடாது. அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொல்லும். கேட்டதா என்று காதுதான் சொல்ல வேண்டும்.

நம் பகுதியில் இதை நான் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை ஓட ஆரம்பித்ததும் நம் பிள்ளைகள் பலர் லைனில் நின்றார்கள். 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. "சார், பச்சை வந்தா தள்ளுவோம், சிவப்பு வந்தா தனியா வைப்போம்" என்பார்கள். அந்தச் சிவப்பு எதைச் சொல்கிறது என்று கேட்டால் தெரியாது. குறை அவர்களுடையது அல்ல, யாரும் சொல்லித் தரவில்லை. இன்றும் இந்தச் சாலை நெடுக இயந்திரங்களைச் சோதிப்பவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் வீட்டு இயந்திரத்தைச் சோதிக்க மட்டும் இன்னொருவர் வர வேண்டியிருக்கிறது.

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் லினக்ஸ் இருக்கிறது. ஒரு மதிப்பெண் கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் ஒரே ஒரு பீரியட் ஒதுக்குங்கள். ஆய்வகத்தில் பேசாத இயந்திரம் ஒன்றாவது கிடைக்கும், அதையே பாடமாக்குங்கள்.

பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்பை இந்த ஞாயிறு இறக்குங்கள். 'ஏபிளே' காட்டும் திரையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். சோதிக்கும்முன் ஒலியைக் குறைத்து வையுங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முதல் தடவை அடிக்க வேண்டாம்.