நிற்பது தண்டனை என்று நமக்குத் தெரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஓய்வூதிய வேலையாக டி.பி.ஐ. போயிருந்தேன். இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் எங்களைப் போன்ற பழைய ஆசிரியர்களுக்கு அது என்றைக்கும் டி.பி.ஐ.தான். பார்க்க வேண்டிய அதிகாரி மதியம்தான் வருவார் என்றார்கள். பக்கத்தில் இருக்கும் காதர் நவாஸ் கான் சாலைப் பக்கம் மெல்ல நடந்தேன்.

சென்னைக்காரர்களுக்கு அந்தச் சாலையைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சின்னச் சாலை அது. நீளம் குறைவு, விலை அதிகம்! இரண்டு பக்கமும் மர நிழல். வெளிநாட்டுப் பெயர் கொண்ட துணிக்கடைகள், நகைக்கடைகள், காபிக் கடைகள்.

நுங்கம்பாக்கம் முன்பு ஒரு கிராமம். 1708-ல் ஆங்கிலேயர் கைக்குப் போன ஐந்து கிராமங்களில் ஒன்று. பெரிய ஏரி இருந்தது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. 1792-ல் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, கல்லூரிச் சாலை வானிலை மையத்தில் இன்றும் இருக்கிறது. வாலஸ் கார்டன், ரட்லண்ட் கேட் என்ற தெருப் பெயர்களைக் கேட்டாலே தோட்ட பங்களாக்களின் காலம் நினைவுக்கு வரும். பங்களாக்கள் போய் அடுக்குமாடிகளும் ஷோரூம்களும் வந்தன. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. ஊர் என்றால் மாறத்தான் செய்யும்.

என் மனதை உறுத்தியது வேறு.

முழங்கால் வலி. ஒரு கடை வாசலில் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்தேன். காவலாளி ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"அம்மா, இங்க உட்காரக் கூடாதுங்க. உள்ள கேமரால பார்ப்பாங்க. என்னைத்தான் கேப்பாங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. எழுந்துகொண்டேன். "நீங்க எங்கய்யா உட்காருவீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "காலைல ஒன்பதரைக்கு வந்தா ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கறதுதாம்மா. சாப்பிடறப்ப மட்டும் பின்னாடி போய் உட்காருவேன்."

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. நான்கு பெண்கள் கை கட்டி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கடை நடுவில் அழகான சோபா இருந்தது, காலியாக.

முப்பத்து நான்கு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். முதலில் வேலை பார்த்த தனியார் பள்ளியில், நாற்காலி இருந்தால் ஆசிரியர் பாடம் நடத்தமாட்டார் என்று சொல்லி வகுப்பறைகளிலிருந்து நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். கர்ப்பமாக இருந்தபோதும் நின்றேன். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது அப்போதுதான். ஆகவே அந்தப் பெண்களின் கால் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை நான் என்ன செய்தேன்? பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். நிற்பது தண்டனை என்று தெரிந்துதானே அதைச் செய்தேன்? என் தண்டனை ஒரு பீரியட், நாற்பத்தைந்து நிமிடம். இவர்களுக்குத் தினமும் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். செய்த தப்பு என்ன?

இதற்குச் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2018-ல் கேரளம் வழிகாட்டியது. 2021-ல் நம் சட்டமன்றம், 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் சாரம். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துக் கண்கலங்கினோம். பதினோரு வருடம் கழித்தாவது சட்டம் வந்தது. நாற்காலி வந்ததா?

கடைக்காரர்கள் சொல்வது எனக்குத் தெரியும். "வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா?" வங்கியில் காசாளர் உட்கார்ந்துகொண்டுதான் பணம் தருகிறார். டாக்டர் உட்கார்ந்துகொண்டுதான் நாடி பார்க்கிறார். நமக்கு மரியாதை குறைந்துவிட்டதா? ஆள் வந்தால் எழுந்து வரவேற்கட்டும். ஆளே இல்லாத கடையில் யாருக்காக நிற்க வேண்டும்?

"காவலாளி எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்" என்பது அடுத்த பதில். கால் ஏஜென்சியுடையது அல்ல, அந்த மனிதருடையது. வாசலில் ஒரு ஸ்டூல் போட எந்த ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும்?

இது அந்த ஒரு சாலையின் பிரச்சினை அல்ல. ரங்கநாதன் தெருவிலும் இதே கதைதான். ஆனால் அங்கே நெரிசல், இடமில்லை என்றாவது சொல்லலாம். ஒரு கைப்பையின் விலை காவலாளியின் பல மாதச் சம்பளத்தைத் தாண்டும் இடத்தில், இடமில்லை, பணமில்லை என்று சொல்ல முடியாது. மனம்தான் இல்லை.

நாம் செய்யக்கூடியது பெரிய போராட்டம் ஒன்றுமில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, பில் போடும் இடத்தில் சத்தமாக, ஆனால் மரியாதையாக, "இவங்களுக்கு ஸ்டூல் இல்லையா?" என்று கேளுங்கள். விற்பனைப் பெண்ணிடம் கேட்காதீர்கள், பாவம், அவருக்குத்தான் திட்டு விழும். முதலாளியிடமோ மேலாளரிடமோ கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் நாற்காலி வரும். தொழிலாளர் துறை ஆய்வாளர்களும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று கடை முதலாளிகளாக இருக்கிறீர்கள். இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். உங்களில் சிலரை நான் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சர் சொல்கிறேன், உங்கள் கடையில் நிற்கிறவர்களை உட்காரச் சொல்லுங்கள்.