மனித முகத்தைத் துறந்ததா அமெரிக்க ஓவியம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஓவியம் மனித உருவத்தைத் துறந்தது. துறந்ததனாலேயே உயர்ந்தது என்பர் கலை வரலாறு எழுதுவோர் பலர். மாணவரும் அதனை மெய்யென்றே நம்பிவிடுகின்றனர். இக்கூற்றில் பாதியே உண்மை. பாதி உண்மையோ முழுப் பொய்யினும் கேடு விளைப்பது!

1954இல் வெனிஸ் நகரின் ஈராண்டுக் கலைக்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் முதன்மை பெற்ற ஓவியர் இருவர். ஒருவர் வில்லெம் டி கூனிங். மற்றவர் பென் ஷான். முன்னவரைப் போற்றும் நூல்கள் பல, பின்னவரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஏன்? ஷான் உருவத்தைக் கைவிடாதவர் என்பதே காரணம்.

இளமையில் நியூயார்க்கில் கல்லச்சுத் தொழில் பயின்றவர் ஷான். கல்லில் எழுத்துப் பொறித்துப் பழகிய அக்கை, மையைத் தொட்டபோதும் வழவழப்பை நாடவில்லை. அவர் கோடு திக்கும், முள்ளெனக் குத்தும், நடுங்கி நின்று மீண்டும் நடக்கும்.

1954 மார்ச் 1ஆம் நாள் பிகினி பவழத் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 'லக்கி டிராகன்' என்னும் ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். படகின் வானொலித் தொடர்பு இயக்குநர் குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் உயிர் நீத்தார். 1957-58இல் ஹார்ப்பர்ஸ் இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடருக்காக ஷான் அத்துயரை மைக்கோடுகளில் வரைந்தார். இறந்தவர் வெறும் எண்ணல்லர், முகமுடைய மனிதர் என்பதைக் குண்டு வெடித்த நாட்டினர்க்கே அவை உணர்த்தின. உருவமற்ற வண்ணத் தெறிப்பு இதனைச் சொல்லியிருக்குமா?

"இவை கட்டுரைக்கு வரைந்த விளக்கப் படங்களே, கலையல்ல" என்பார் உளர். அங்ஙனமாயின் போரின் கொடுமைகளைக் காட்டிய கோயாவின் செதுக்கோவியங்களையும் தள்ளிவிடலாமே!

அருவ ஓவியத்தை இகழ்வது நம் நோக்கமன்று. அதன் தலைமகனாகப் போற்றப்படும் ஜாக்சன் போலக்கே 1951இல் தீட்டிய கருநிற ஓவியங்களில் முகங்களும் உறுப்புகளும் மீண்டும் தலைகாட்டின. டி கூனிங்கும் பெண்ணுருவத்தை விட்டாரல்லர். துரத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட மனிதன், துரத்தியோர் இல்லத்திலேயே குடியிருந்தான்!

கரிக்கோட்டை அழித்துத் திருத்தலாம். மைக்கோட்டை அவ்வாறு அழித்தல் அரிது. இட்டவன் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சான்று கூற வந்த கலைஞன் மையை நாடியது இதனாற்றான். ஆசிரியர்களே, அக்கால அமெரிக்க ஓவியத்தைக் கற்பிக்குங்கால் போலக்கின் அருகே ஷானையும் வையுங்கள். தீர்ப்பை மாணவர் கண்களே வழங்கட்டும்.